ஏழுமலைக்கு இனிக்காத டீ

"இந்த மாசத்தோட சிறுகுறிஞ்சானை மூட்டை கட்டிடலாம்" என்று டாக்டர் சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுபதுகளின் தொடக்கம். அடையாறில் மூலிகைச் சாறுகளைச் சோதிக்கும் சின்ன லேப். டாக்டர் அதற்குத் தலைவர், நான் தற்காலிக டெக்னீஷியன். சர்க்கரை நோய்க்குச் சிறுகுறிஞ்சான் இலை கேட்குமா என்ற ஆய்வு நின்றால் எனக்கும் வேலை இல்லை.

அலாக்ஸான் ஊசி போட்டு எலிகளுக்குச் சர்க்கரை நோய் வரவழைப்போம். பாதிக்குச் சிறுகுறிஞ்சான் இலைச்சாறு, பாதிக்கு வெறும் தண்ணீர். தண்ணீர் எலிகளுக்குப் பெயர் கன்ட்ரோல். வாரம் ஒருமுறை வால் நுனியில் ரத்தம் எடுத்து சுகர் பார்ப்பேன். மருந்து குடித்தவற்றுக்கு சுகர் இறங்கியது. கன்ட்ரோலுக்கும் இறங்கியது. அங்கேதான் வினை.

"தண்ணி குடிச்ச எலிக்கும் குறையுதுன்னா, தானா குறையுதுன்னு அர்த்தம். இலைக்கு என்ன வேலை?" என்றார் டாக்டர். மூன்று தடவை ரீடிங் எடுத்தேன். சுகர் அளக்கும் கலரிமீட்டரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது என்ன செய்யும், பாவம்.

எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொண்டு, எலிகளுக்குச் சாறு புகட்டியவர் ஏழுமலை. ஆற்றோரக் குடிசையிலிருந்து நடந்தே வருவார். மூன்று மணி மருந்து முடிந்ததும் வெளியே கடையில் டீ குடிப்பார். அன்று மழை. என் பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன்.

"இன்னாம்மா, நீயும் சக்கரை இல்லாத டீதானா? கடைக்காரனாண்ட டெய்லி இதுக்குத்தான் சண்டை போட்டுக்கினு கீறேன்."

என் டம்ளரில் அதே டீ பாகாக இனித்தது. சிறுகுறிஞ்சான் நாக்கில் பட்டால் கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது. சர்க்கரை டப்பாவை நீட்டினேன். ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டு, "மண்ணாட்டம் கீது" என்றார்.

"சாறு குடிச்சீங்களா?"

"ஒரு வாய்தான். மீந்ததை அந்தாண்ட கூண்டுங்களுக்குத் தண்ணில கலந்து வுடுவேன். வாயில்லா ஜீவனுக்குக் குடுக்கச்சொல்ல டேஸ்ட் பாக்க வேணாமா? அதுவும் சீக்கு எலிதானேம்மா. இதுக்கு மருந்து, அதுக்கு வெறுந் தண்ணின்னா இன்னா நியாயம்?"

நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் விஷயம் உறைத்தது. கன்ட்ரோலும் மருந்து குடித்திருக்கிறது, அதனால்தான் இறங்கியிருக்கிறது. சந்தோஷத்தில் டீயை மேஜையில் கொட்டிவிட்டேன்.

ஏழுமலையை வேலையை விட்டு அனுப்பிவிடுவாரோ என்று பயந்துகொண்டேதான் டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். "கன்ட்ரோல்னா என்னன்னு அவருக்கு யாராவது சொன்னீங்களா?" யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. புது எலிகளோடு மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்.

இந்த முறை ஏழுமலையை உட்காரவைத்து விளக்கினேன். தண்ணீர் எலிகளுக்கு இறங்காமல் இருந்தால்தான், மற்றவற்றுக்கு மருந்தால் இறங்கியது என்று சொல்ல முடியும். அன்றிலிருந்து மீந்த சாற்றைத் தன் கையாலேயே சிங்க்கில் கொட்டினார்.

கடைசி ரீடிங் அன்று பக்கத்திலேயே நின்றார்.

"மருந்து குடிச்சதுக்கு?"

"நல்லா இறங்கியிருக்கு."

"தண்ணி குடிச்சதுக்கு?"

"இறங்கல."

தண்ணீர் எலிகளின் கூண்டுகளைப் பார்த்து, "அப்ப அதுங்க சும்மா கஷ்டப்படல" என்றார்.

சிறுகுறிஞ்சான் தொடர்ந்தது, என் வேலையும் நிலைத்தது. அதற்குப் பிறகு லேபில் புதிதாக யார் சேர்ந்தாலும், தரை துடைக்க வந்தவராக இருந்தாலும், கன்ட்ரோல் என்றால் என்ன என்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். கூடவே, டீ இனிக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவைப்பேன்.