தங்கமாரியின் லைனில் எல்லாருக்கும் சம்மதம்

பன்னிரண்டரை மணிக்கு, தகடு அழுத்தும் நாலாம் நம்பர் பிரஸ், இசக்கிசெல்வியின் கையுறையைக் கவ்வியது. கை எப்படியோ வெளியே வந்துவிட்டது. கையுறையின் இரண்டு விரல்கள் மட்டும் டை என்ற இரும்பு அச்சுக்குள் காகிதம்போல் தட்டையாகக் கிடந்தன.

ஓடிவந்த தங்கமாரி முதலில் அவள் விரல்களை எண்ணினாள். ஐந்தும் இருந்தன. நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினாள்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியில் தங்கமாரி லைன் லீடராகி நாலு மாதம். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதற்கான சான்றிதழுக்காக அவள் அம்மா மூன்று நாள் வேலைக்குப் போகாமல் தாலுகா ஆபீசுக்கு அலைந்தாள். பி.எஸ்ஸி. கணிதம் படித்த மகளுக்கு இசக்கிசெல்வி உட்பட ஆறு பெண்கள் கொண்ட ஒரு லைனும், தலைக்கு மஞ்சள் தொப்பியும் கிடைத்தன. அடுத்த வாரம் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பழைய பிரஸ்ஸில் இரண்டு பச்சைப் பொத்தான்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் டை இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. பத்து நாளைக்கு முன் டார்கெட்டை ஏற்றினார்கள். ஷிப்டு தொடங்குமுன் வட்டமாக நின்று பேசும் ஐந்து நிமிடத்தில், ஒரு பொத்தானை டேப் போட்டு ஒட்டிவிட்டால் ஒரு கை மிச்சமாகும், அந்தக் கையால் தகடு வைக்கலாம் என்று பேச்சு வந்தது. யார் முதலில் சொன்னது? இப்போது எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவில்லை. “டீம் முடிவு எடுப்போம், கை தூக்குங்க” என்று தான் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. ஆறு கைகள் எழுந்தன. தன் கையையும் தூக்கினாள். எல்லாரையும் கேட்டு நடப்பதாக அன்று பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது ஏழு பேரும் உடைமாற்றும் அறையில் நின்றார்கள்.

“தகட்டுப் பிசிறு குத்தி கையுறை கிழிஞ்சிடுச்சின்னு சொல்லிடலாம்க்கா” என்றாள் கவியா. உள்ளூர் வடக்குப்பட்டுக்காரி, வாயாடி. “கைதான் நல்லா கீதே. டேப் மேட்டரு வெளிய வந்தா ஏழு பேருக்கும் கேட்டாண்டயே டாட்டாதான்.”

“கையுறைக்குக் கருமாதி வச்சிருவோம்” என்றாள் பேச்சி. இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்கள்.

“ரெண்டரைக்கு அந்த மிஷின்ல அடுத்த ஷிப்டு ஜாஸ்மின்லா வந்து நிப்பா?” என்றாள் தங்கமாரி.

“டேப்ப பிச்சாலும் அவங்க ஒட்டிப்பாங்கக்கா. நம்மளப் பாத்துதானே அந்த ஷிப்டுலயும் ஒட்டிக்கினாங்க. உனுக்கு இன்னா?” என்றாள் கவியா.

பழக்கதோஷத்தில் தங்கமாரியின் வாய் சொல்லிவிட்டது: “சரி, அப்படியே சொல்லலாம்னா கை தூக்குங்க.”

எழுந்தன. இசக்கிசெல்வியும் தூக்கினாள். சற்றுமுன் பிரஸ்ஸிலிருந்து தப்பிய அதே கையைத்தான் தூக்கினாள்.

“ஏட்டி, நீ எதுக்குத் தூக்குத?” என்றாள் தங்கமாரி.

“எல்லாரும் தூக்குதாவல்லா யக்கா.”

“டேப் ஒட்டுன அன்னைக்கு?”

“அன்னைக்கும் அப்படித்தான். நீங்க என்னையப் பாத்திய. பயந்து தூக்கிட்டேன்.”

பேச்சி தன் கையை மெல்ல இறக்கினாள். “எனக்கும் அன்னைக்கு மனசில்ல. நீ படிச்ச புள்ள, வெவரம் தெரிஞ்சுதான் கேக்கேன்னு நெனச்சேன்.”

தங்கமாரி தன்னையே கேட்டுக்கொண்டாள். கை தூக்கச் சொன்னது யோசனை கேட்கவா, பழியை ஏழாகப் பங்குபோடவா? ஒருத்தியையாவது தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாளா?

அவள் ஷிப்டுக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். பின்னாலேயே வந்த கவியா, “எங்க பேர எழுதிடாதக்கா, வூட்ல ரெண்டு புள்ளைங்க கீது” என்று கெஞ்சினாள். தங்கமாரி நடையை எட்டிப்போட்டாள். நின்றால் எழுதும் துணிவு போய்விடும் என்று பயந்தாள். பிரஸ்ஸின் மெயின் சுவிட்சை அணைத்து, ‘இயக்காதே’ என்ற சிவப்பு அட்டையை மாட்டினாள். அடுத்த ஷிப்டுக்கான குறிப்பேட்டில், பொத்தான் ஒட்டப்பட்டிருந்ததையும் கையுறை சிக்கியதையும் எழுதி, ‘லைன் லீடர் நான் அனுமதித்தேன்’ என்று கையெழுத்திட்டாள்.

சூப்பர்வைசர் இளம்பரிதி ஓடிவந்தார். “இன்னாம்மா, யாரக் கேட்டு ஆஃப் பண்ண?” குறிப்பேட்டைப் படித்ததும் குரல் தணிந்தது. “பத்து நாளா நானும் பாத்துக்கினு சும்மா இருந்தேன்னு ஆயிடும். கிழிச்சிடும்மா. அடுத்த வாரம் பர்மனென்ட் ஆர்டர் வருது உனக்கு.”

“மாட்டேன் சார்.” கீச்சென்று வந்தது குரல்.

இரண்டரைக்கு வந்த ஜாஸ்மினை வேறு வேலைக்கு அனுப்பினார்கள். போகிறபோக்கில், “உன்னால இன்னைக்கு எங்க டார்கெட் புட்டுக்கிச்சு” என்றாள். தங்கமாரி அவள் விரல்களைப் பார்த்தாள்.

மூன்று மணிக்குத் தங்கமாரியை எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். வேலை போனால் அம்மாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தாள். கதவருகே போய் இரண்டு முறை திரும்பினாள். மூன்றாம் முறை தட்டினாள்.