கொண்டல் காற்றில் ஒரு குரல்

"செண்பகம் டீச்சர் தவறிட்டாங்க சார்" என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது, தருமபுரத்தில் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாரடைப்பு. வெளியே கொண்டல் வீசியது. கடலிலிருந்து காற்று வரும் நாட்களில் அவர் நிம்மதியாகத் தூங்கியதே இல்லை என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

நான் வேதியியல் ஆசிரியன், அவர் இயற்பியல். ஒலியைப் பற்றிப் பாடமெடுக்கும் நாளில் தாழ்வாரத்தில் கயிற்றைக் கட்டி உதறுவார். "அலைதான் ஓடுது, கயிறு எடத்த விட்டுப் போகல பாருங்க. காத்துல சத்தமும் அப்படித்தான் போவுது" என்பார்.

கடற்கரையோரக் கிளிஞ்சல்மேடு அவருடைய ஊர். சுனாமியன்று மாடியிலிருந்து அவர் கத்தியது, கரையில் நின்ற தங்கைக்குக் கேட்கவில்லை. என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னார்: "தொண்ட கிழியக் கத்துனேன் சார். அவ திரும்பிக்கூடப் பாக்கல."

அதன்பிறகு அவருக்கு ஒரே கவலைதான். ஊரின் ஒலிபெருக்கி மேற்கே கோயிலில் இருக்கிறது. காற்று தரையோரம் மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசும். அதை எதிர்த்துப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும். "கரையில நிக்கிறவங்க தலைக்கு மேல போயிடுது சார். காதுல எப்படி விழும்?"

என்னைக் கரையில் நிறுத்திவிட்டு, கோயில் மைக்கில் "கேக்குதா? கேக்குதா?" என்பார். போனில் கேட்கும், காற்றில் வராது. கரையிலும் ஒன்று வைக்கச் சொன்னால், ஊர்த் தலைவரோ ஒலிபெருக்கிக்கு நேர்கீழே நின்றுகொண்டு, "காது அடைக்குதே டீச்சர், இன்னொன்னு எதுக்குங்க?" என்பார். ஆசிரியர் அறையில் நாங்களும் அவருக்குக் 'கேக்குதா டீச்சர்' என்று பெயர் வைத்துச் சிரித்தோம்.

ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. டீச்சர் இறந்ததைக் கோயில் மைக்கில் அறிவித்தார்கள். கரையில் வலை ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு அது எட்டவில்லை. ஃபைபர் படகுகள் கிளம்பிவிட்டன. போன் போட்டு அழைத்து, அவர்கள் திரும்பும்வரை உடலை எடுக்கவில்லை. வந்தவர்களில் ஒருவர் ஈர லுங்கியோடு வாசலில் உட்கார்ந்து, "சத்தியமா காதுல விழலீங்க டீச்சர்" என்று அழுதார். தலைவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த அறிவிப்பு பேரலையைப் பற்றியதாக இருந்திருந்தால்?

கருமாதிக்கு முன்பே கரையில் இரண்டாவது ஒலிபெருக்கி ஏறியது. இம்முறை தலைவரே மணலில் போய் நின்றார். கோயில் மைக்கில் டீச்சரின் தம்பி, "கேக்குதா?" என்றார்.

"கேக்குது டீச்சர்" என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தூங்குங்கள் டீச்சர். கொண்டல் வீசும் நாட்களில் இனி நான் போய்க் கரையில் நிற்கிறேன்.