பசலை படர்ந்த விளையாட்டு

பிள்ளைகளே, நான் தெலுங்கு பேசும் ஊரான உப்பலில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். பள்ளியில் படித்த தமிழ் பத்தாம் வகுப்போடு சரி. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்க வராது. அதனால் என்னிடம் வந்தாள்.

எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் விழா. பழைய இலக்கியம் ஒன்றைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கணினி விளையாட்டாக்கி மேடையில் காட்ட வேண்டும். இதுவரை மேடைப் பக்கமே போகாதவள், இந்தத் தடவை ஏறியே தீருவது என்றிருந்தாள்.

அவள் எடுத்தது ஒரு காதல் பாட்டு. தலைவன் பொருள் தேடி வெளியூர் போகிறான். தலைவி காத்திருக்கிறாள். தோழி தேற்றுகிறாள். உரையை நான் வாசித்துச் சொன்னேன். 'தலைவியின் மேனியில் பசலை படர்ந்தது' என்று ஒரு வரி வந்தது.

"பசலைன்னா என்னப்பா?"

"கீரை தாயி. கொடியா ஓடுமே, அது."

"ஓ, பச்சலி கூரா!" என்று அதைத் தெலுங்கில் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"கீரை எப்படிங்க உடம்புல படரும்?" என்றாள் என் மனைவி அடுப்படியிலிருந்து.

"பழைய பாட்டு. அப்படித்தான் இருக்கும்."

மகள் அதை ஆங்கிலத்தில் தட்டினாள். கணினியும் மறுத்துப் பேசவில்லை. அருமையான யோசனை என்று பாராட்டிவிட்டு, படமும் ஆட்டமும் போட்டுக் கொடுத்தது. ஆடுகிறவர்தான் தோழி. ஆறுதலாகப் பேசினால் கொடி நிற்கும். தப்பாகப் பேசினால் ஒரு முழம் ஏறும். வெட்டிவிடக் கத்தரிக்கோலும் உண்டு. நான் ஆடியதில் தலைவியின் மூக்கு வரைக்கும் கீரை ஏறிவிட்டது.

சனிக்கிழமை ஒத்திகை. சங்கத்தில் தமிழ் சொல்லித்தரும் டீச்சர் வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

"சார், இது கீரை இல்ல. பிரிஞ்ச ஏக்கத்துல உடம்பு வெளுத்துப் போகும் பாருங்க, அதுக்குப் பேருதான் பசலை."

"படர்ந்ததுன்னு போட்டிருக்கே டீச்சர்?"

"நிறமும் படரும் சார்."

வீட்டுக்கு வந்ததும் மகள், "நேனு ரானு," என்றாள். வரமாட்டேன் என்று அர்த்தம். "எல்லாரும் சிரிப்பாங்கப்பா."

"சிரிச்சா சிரிக்கட்டும்" என்றேன். எடுபடவில்லை. "நான் அப்பவே கேட்டேன்" என்று மனைவி சொன்னதும் யாருக்கும் உதவவில்லை.

மறுநாள் காலை அவளே மடிக்கணினியைத் திறந்தாள். இன்னொரு ஆட்டம் செய்தாள். அதில் கொடி இல்லை, கத்தரிக்கோல் இல்லை. தலைவியின் முகம் மட்டும் மெல்ல வெளுக்கும். 'பேசு' என்பதோடு, 'சும்மா பக்கத்தில் உட்கார்' என்றும் ஒரு பொத்தான் வைத்தாள். அது கணினி சொன்னதில்லை.

விழாவில் அவள் முதலில் போட்டது கீரை ஆட்டத்தை. அரங்கமே சிரித்தது. சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"இது எங்கப்பா சொன்ன அர்த்தம். இப்போ நிஜ அர்த்தம் பாருங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எழுந்து நின்று வணக்கம் வைத்தேன்.