ஏட்டி என்று கூப்பிட்டால் வரும் பாட்டு

கோவில்பட்டிக்கு வெளியே ஒரு நூற்பாலையில் எனக்கு வேலை. நீளமான கூடம், இரண்டு பக்கமும் நூல் சுற்றும் இயந்திரங்கள். நடுவில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்காவது இழை அறுந்தால் சேர்த்துவிட்டு மறுபடி நடக்க வேண்டும். அங்கே இருக்கிற சத்தம் கொஞ்ச நேரத்தில் சத்தமாகவே தெரியாது. கிணற்றுத் தண்ணீருக்கு அடியில் முங்கிக் கிடப்பது போல இருக்கும். பேச்சு எல்லாம் கைச்சாடைதான்.

எனக்கு அது தோதான இடம். பந்தியில் இன்னொரு கரண்டி சோறு கேட்கக்கூடக் கூச்சப்படுகிற ஆள் நான். ஆனால் அந்தச் சத்தத்துக்குள் வருசக்கணக்காகப் பாடியிருக்கிறேன். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. எனக்கே கேட்காது. தொண்டையில் ஓர் அதிர்வு மட்டும் தெரியும். அது போதும் எனக்கு.

இரவு ஷிப்ட் முடிந்து காலையில் மில் வேனில் வீட்டுக்குத் திரும்புவோம். எட்டயபுரம் போகும் வழியில் எங்கள் ஊர். வேன் ஓட்டுகிற தம்பி தன் போனிலிருந்து பாட்டுப் போடுவார். அவர் போட்ட பாட்டு முடிந்ததும் போன் தானாகவே வேறு வேறு பாட்டுகளை எடுத்துக்கொள்ளும். யாரும் கவனிக்க மாட்டார்கள். எல்லோரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் அப்படித்தான் அந்தப் பாட்டு வந்தது. முந்தின நாள் மழை பெய்திருந்தது. கரிசல் ஊறிக் கிடந்தது. வெயில் பட்டு அதிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு கம்பி வாத்தியம் ஒற்றை ஒற்றையாக விழுந்தது. பிறகு ஓர் ஆண் குரல் வந்தது, அவசரமே இல்லாமல். என்ன மொழி என்று தெரியவில்லை. இரவெல்லாம் இயந்திரத்தைக் கேட்டுக் கேட்டு இரைந்துகொண்டிருந்த என் காதுக்குள், அறுந்த இழையைச் சேர்ப்பது போல அந்தக் குரல் நுழைந்தது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றின. அந்தப் பாட்டுத்தான் அவற்றைச் சுற்றிவிடுகிறது என்று தோன்றியது. நான் தூங்குகிறேனா, முழித்திருக்கிறேனா என்பதே நிச்சயமில்லை.

பாட்டு பாதியில் இருக்கும்போது எங்கள் ஊர் வந்துவிட்டது. ஒரு நிமிடம் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இறங்கினேன். கதவைச் சாத்தினார்கள். வேன் அந்தப் பாட்டையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ரோட்டில் அதன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் ஊருக்கு வந்தபோது என் போனிலும் பாட்டுக் கேட்க வழி செய்துகொடுத்தாள். "எப்பா, உலகத்துப் பாட்டெல்லாம் இதுக்குள்ள கெடக்கு" என்றாள். அது உண்மைதான். பகலில் படுத்துக்கொண்டு காதில் மாட்டிக் கேட்பேன். எந்த ஊர் என்றே தெரியாத பெண்கள் கூட்டமாகப் பாடினார்கள். ஒருவர் புல்லாங்குழலில் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பனி விழுகிற இடத்துப் பாட்டாம் ஒன்று, அதைக் கேட்டுக்கொண்டே சித்திரை வெயிலில் தூங்கிப்போனேன். முன்பெல்லாம் ரேடியோவோ டீக்கடையோ போடுவதைத்தான் கேட்போம். இப்போது யாருக்கும் தெரியாமல் நானே தேடிப் போகலாம். கூச்சக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

ஆனால் வேனில் கேட்ட பாட்டு மட்டும் வரவே இல்லை. பேர் தெரியாது. ஒரு வார்த்தைகூடத் தெரியாது. எதைச் சொல்லித் தேடுவது?

மெட்டு மட்டும் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு ஷிப்டிலும் இயந்திரங்களுக்கு நடுவில் அதை முனகினேன். முனக முனக ஒரு பயம் வந்தது. இயந்திரத்தின் ஓட்டத்துக்கு மெட்டும் வளைகிறதோ என்று சந்தேகம். இப்படியே போனால் கடைசியில் என்னிடம் பாட்டு இருக்காது, மில் சத்தம்தான் மிஞ்சும். அதற்குள் அதை ஒரு தடவையாவது முழுதாகக் கேட்டுவிட வேண்டும்.

பல நாள் யோசித்து, ஒரு காலையில் வேன் தம்பியிடம் கேட்டேவிட்டேன்.

"தம்பி, முன்ன ஒருநா ஒரு பாட்டு ஓடுச்சே. வார்த்தையே புரியாத பாட்டு."

"இப்ப வார பாட்டெல்லாம் அப்படித்தான அண்ணாச்சி இருக்கு."

"இல்ல தம்பி, மழ பெஞ்ச மறுநா."

"அது தன்னால ஓடுது அண்ணாச்சி. நான் ரோட்டப் பாக்கவா, பாட்டப் பாக்கவா? அந்தப் போனும் தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்து செத்துப்போச்சு. இது வேற."

பின் சீட்டில் தூங்குவதாக நான் நினைத்த ஒருவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "ஏலே, அண்ணாச்சி வாயத் தொறந்துட்டாவ! இன்னைக்கும் மழதாம்லே."

வேனே சிரித்தது. ஊர் வருகிறவரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

மகளிடம் போனில் சொன்னபோது அவளுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. "முனகிக் காட்டுனா போதும்ப்பா, போனே கண்டுபிடிச்சிரும்."

"யாருட்ட முனக?"

"போன்கிட்டதான். அது யாருட்டயும் போய்ச் சொல்லாது."

"வீட்ல உங்கம்மா இருப்பாளே."

"நல்லாருக்கே! அம்மாட்ட என்னப்பா வெக்கம்?"

என்ன வெட்கம் என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் இருந்தது. அன்று மத்தியானம் அவள் சொல்லித் தந்தபடி மைக் படத்தைத் தொட்டுவிட்டு, வாயைத் திறக்கப் போனேன். சரியாக அந்த நேரம் பார்த்து என் மனைவி உளுந்து புடைக்கிற சுளகும் கையுமாக உள்ளே வந்தாள்.

"ஏட்டி, செத்த நேரம் அங்கன இரு" என்றேன். அவளை நான் கூப்பிடுவது அப்படித்தான்.

உடனே போனிலிருந்து தபேலாவும் வயலினுமாக ஒரு பழைய காதல் பாட்டு கிளம்பிவிட்டது. நிறுத்திவிட்டு மறுபடி தொட்டேன். அவள் போகாமல் நின்றாள். "ஏட்டி, சொன்னாக் கேளு" என்றேன். இன்னொரு பழைய பாட்டு வந்தது. நான் பையனாக இருந்த காலத்துப் பாட்டுகள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளைக் கேட்டால் அவளால் சிரித்து முடிக்க முடியவில்லை.

"எப்பா, இங்கிலீஷ்ல எண்பதுன்னா எய்ட்டி. நீங்க ஏட்டின்னு கூப்பிட்டா, எண்பதுல வந்த பாட்டக் கேக்குதீங்கன்னு அது நெனைக்கி."

மனைவி பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அது சரி. நீங்க கூப்பிட்டா நான் வெறுங்கையோட வாரேன். போனுக்குள்ள இருக்குறவ பாட்டோட வாரா."

அதற்குப் பிறகு வீட்டில் முனக முடியுமா? வார விடுமுறையில் ஊருக்கு வெளியே நடந்தேன். மக்காச்சோளம் முழங்கால் உயரம் நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை, இரண்டு ஆடுகள் மட்டும் நின்றன. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து முனகினேன். சத்தமில்லாத இடத்தில் என் குரலை நானே கேட்டதும் யாரோ என் பின்னால் வந்து நிற்பது போல இருந்தது. குரல் நடுங்கியது. காற்று வேறு வந்து அதைப் பிய்த்துக்கொண்டு போனது. எதுவும் கிடைக்கவில்லை என்று போன் சொன்னது. மறுபடி முனகினேன். அதே பதில். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன். மெட்டு என்னிடம் கெட்டுப்போய்விட்டது, இனி உலகத்தில் எந்தப் பாட்டோடும் அது பொருந்தாது என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த வாரம் மறுபடி இரவு ஷிப்ட். பகல் தூக்கம். பகலில் தூங்குகிறவர்களுக்குத் தெரியும், அந்தத் தூக்கத்துக்குக் கரை கிடையாது. கனவுக்குள் வெளிச்சம் வரும், வெளிச்சத்துக்குள் கனவு போகும். அப்படிக் கிடக்கும்போது அந்தப் பாட்டு கேட்டது. கனவு என்றுதான் நினைத்தேன். பிறகு போனில் ஓடுகிறதோ என்று கையால் துழாவினேன். போன் அணைந்து கிடந்தது.

பாட்டு அடுப்படிப் பக்கமிருந்து வந்தது. இடையிடையே சுளகு தட்டுகிற ஓசை. எழுந்து போய்ப் பார்த்தேன். மனைவி உளுந்து புடைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், அதை முனகிக்கொண்டிருந்தாள். நான் ரோட்டில் பறிகொடுத்த மெட்டு. நடுவில் அது இறங்கித் திரும்புகிற இடம் உட்பட அப்படியே இருந்தது.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான தெனமும் தூக்கத்துல முனகுதீங்க. கேட்டுக் கேட்டு ஒட்டிக்கிடுச்சு."

"சொல்லவே இல்லையே?"

"சொன்னா நிப்பாட்டிருவீங்க" என்றாள்.

போனை எடுத்து வந்து மைக் படத்தைத் தொட்டு நீட்டினேன். வாயைத் திறந்தால் ஏட்டி வந்துவிடும் என்று, மில்லில் செய்வது போலக் கையால் சாடை காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. போனிடம் அவளுக்கு என்ன கூச்சம்? சுளகைத் தட்டுகிற அதே தாளத்தில், கணீரென்று முனகினாள்.

போன் சற்று யோசித்தது. கம்பி வாத்தியம் ஒற்றை ஒற்றையாக விழத் தொடங்கியது.

போனைச் சுளகிலிருந்த கறுப்பு உளுந்தின் மேல் வைத்தேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கேட்டோம். கடல் தாண்டி ஏதோ ஒரு வறண்ட நாட்டின் பாட்டு என்று போனில் கூடவே வந்த படத்தைப் பார்த்தால் தெரிந்தது. மண் நிறம்தான் வேறு. வேனில் நான் இறங்கிய இடத்தைத் தாண்டிப் பாட்டு போனது. குரல் நின்றுவிட்டது. கம்பி மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் நடந்து போய், எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றது. முடிவு அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

இன்னொரு தடவை போட்டேன். நடுவில், என் முனகலில் மெட்டு இறங்கித் திரும்புகிற இடத்தில், பாடுகிற மனிதர் நேராகப் போய்விட்டார். நான் பயந்தது சரிதான். அந்த வளைவு மில்லில் வந்து சேர்ந்தது. சொல்லலாமா என்று அவளைப் பார்த்தேன்.

அவள் புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எல்லாம் நல்லாத்தான் பாடுதாரு. இந்த இடத்துல மட்டும் தப்பாப் போறாரு" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து என் கையில் தந்தாள். சுளகைத் தூக்கி, விட்ட இடத்திலிருந்து முனகத் தொடங்கினாள். இறங்கித் திரும்புகிற இடம் வந்தபோது, எனக்கே தெரியாமல், என் குரலும் அதில் கேட்டது.