திமில் வைத்த முந்நூறு காளைகள்

பங்குச்சந்தை என்றால் எனக்கு என்னவென்றே தெரியாது. இன்றைக்கும் அரைகுறைதான். ஆனால் கொரோனா வந்த வருடம் அது தலைகுப்புற விழுந்தபோது, விருத்தாசலம் செராமிக் பேட்டையில் முதலில் அடிபட்டது நான்தான்.

பன்னிரண்டு வருடம் ஒரு முதலாளியிடம் பொம்மைகளுக்கு வர்ணம் பூசிவிட்டு, சொந்தமாகத் தொழில் செய்கிறேன் என்று அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். "மூணே மாசம். இதே கேட்டுல வந்து வேலை கேட்டு நிப்ப, பாரு" என்றார் அவர். அந்த வாசலில் மட்டும் போய் வேலை கேட்டு நிற்கக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு இருந்த வைராக்கியம்.

முதல் ஆர்டர் சென்னையில் ஒரு ஷேர் புரோக்கர் ஆபீஸிலிருந்து வந்தது. வாடிக்கையாளர்களுக்குப் பரிசாகக் கொடுக்க முந்நூறு காளை. சந்தை ஏறுவதற்கு அவர்களிடம் காளைதான் அடையாளமாம். சென்னை ஆபீஸ் என்ற மயக்கத்தில் முன்பணம்கூடக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர், கம்மாபுரத்தில் இருக்கும் தன் மச்சான் வீட்டுக் காளையை மனதில் வைத்து அச்சு செய்தார். கழுத்தில் மணி, முதுகில் நன்றாகக் கொழுத்த திமில்.

போட்டோ பார்த்த ஆபீஸ்காரர் போன் செய்தார். "மேடம், ஷேர் மார்க்கெட் காளைக்குத் திமிலே கிடையாதுங்க."

"திமிலு இல்லாம அது என்னா காளை? நோஞ்சான் கன்னுக்குட்டியா?" என்று பக்கத்திலிருந்து இவர் கத்தினார். ஆபீஸ்காரர் சிரித்துவிட்டு, இருக்கட்டும் என்று இறங்கிவந்தார்.

சூளையில் நெருப்பு வைத்த அன்று மத்தியானம் மறுபடி போன். "மார்க்கெட் விழுந்துடுச்சுங்க மேடம். காளை வேணாம்னுட்டாங்க."

மூட்டிய சூளையைப் பாதியில் அணைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெடித்துப்போகும். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நெருப்பே தேவலை. திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "காலையிலேருந்து நூறு பேரு திட்டிட்டாங்க. எங்கப்பா ரிட்டயர்டு ஆன காசையும் நான்தாங்க இதுல போட வச்சேன். அவருகிட்ட இன்னும் சொல்லல" என்றார்.

திட்ட வந்த வாய், "சாப்டீங்களா?" என்று கேட்டது. அந்த மனுஷன் அழுதுவிட்டார். போனை வைத்துவிட்டு நானும் அழுதேன், பாதி அவருக்காக, பாதி எனக்காக.

அப்புறம் ஊரடங்கு. முந்நூறு காளையும் வீட்டுக்குள். கட்டிலடியில், பீரோ மேல், பிரிட்ஜ் மேல். "தண்ணி குடிக்கப் போனாக்கூட முட்ட வருதும்மா" என்பார் வீட்டுக்காரர். ஆபீஸ்காரர் வாரம் ஒருமுறை பேசுவார். அப்பாவிடம் சொல்லிவிட்டாராம். அவர் திட்டவே இல்லையாம், ஷேரை விற்காமல் வைத்திரு என்று மட்டும் சொன்னாராம். மூன்று மாதம் தாண்டியது. ரேஷன் அரிசியில் சமாளித்தோமே தவிர, அந்த வாசல் பக்கம் நான் போகவில்லை.

தை பிறப்பதற்கு முன், பேட்டைக்குச் சரக்கெடுக்க வந்த திட்டக்குடி பாத்திரக்கடைக்காரர் ஒருவர், எங்கள் வீட்டில் ஒரு காளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திமிலு ஜம்முனு இருக்குதே. மாட்டுப் பொங்கலுக்குப் போவும்" என்று ஐம்பது காளை கேட்டார். கொம்புகளுக்குச் சிவப்பும் பச்சையும் பூசிக் கொடுத்தோம். நாலே நாளில் திரும்பி வந்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனார். பொங்கலன்று எங்களிடம் மிச்சமிருந்தது கொம்பு உடைந்த ஒன்றுதான்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து போன். சந்தை எழுந்து பழைய உயரத்தையும் தாண்டிவிட்டதாம், அப்பா காசும் தேறிவிட்டதாம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். "அந்தக் காளைங்க இருக்குதுங்களா மேடம்? இப்ப ஐநூறு வேணும்."

"எல்லாம் வித்துப்போச்சுங்க. புதுசாத்தான் செய்யணும். இந்தத் தடவை முன்பணம் வேணும். திமில எடுக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க."

"ஐயோ, திமிலு இருக்கட்டுங்க!"

ஐநூறு காளைக்கு எங்கள் ரெண்டு பேர் கை எப்படிப் போதும்? நன்றாக வர்ணம் பூசுகிற பெண்கள் எல்லாரும் பழைய முதலாளியிடம்தான் இருந்தார்கள். அதனால் அந்த வாசலுக்கே போனேன்.

"வந்துட்டியா? நான் அப்பவே சொன்னேன்ல" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

"வேலை கேட்டு வரலிங்க. வர்ணம் பூச நாலு பேரு வேணும். பத்து நாளைக்கு அனுப்புவீங்களா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க" என்றார். "டீ சொல்றேன்."