மிளகின் முதுகு

அந்தக் குதிரைப் பயிற்சிக் கூடத்தில் அவளுக்கு நிதானக்கா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். எந்தக் குதிரை மிரண்டாலும் "நிதானம், நிதானம்" என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லே அவள்மேல் ஒட்டிக்கொண்டது. லாயத்தில் குதிரை லத்தி அள்ள வந்தவள். பிறகு குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினாள், உடம்பு தேய்த்துவிட்டாள், ஒருநாள் யாரும் ஏறத் துணியாத குதிரைமேல் ஏறி அமைதியாக ஒரு சுற்று வந்தாள். அதற்குப் பிறகு இளங்குதிரைகளுக்குச் சேணம் பழக்குவது அவள் வேலையாகிவிட்டது. தையற்கடை வைத்திருக்கும் அவள் கணவர், "குதிரைகிட்ட காட்டற பொறுமையில கால்வாசி என்கிட்ட காட்டியிருந்தா, இந்நேரம் நானே பந்தயத்துல ஓடியிருப்பேன்" என்பார். ஓடியிருக்க மாட்டார். மனிதருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

அந்த வீட்டில் சிரிப்பு குறைந்துபோனது மிளகால்தான். வெள்ளை உடம்பில் கரும்புள்ளிகள் தூவிய இளம் பெண்குதிரை அது. அதைப் பழக்கியவள் நிதானக்கா. முதலில் ஏறி ஓட்டியவள் அவளுடைய ஒரே மகள்.

சேணத்தைக் குதிரையின் முதுகில் வைத்து, வயிற்றுக்கு அடியில் ஒரு வாரைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள். கள்ளக் குதிரைகள் வார் கட்டும்போது வயிற்றை உப்பி வைத்துக்கொள்ளும். நாம் இறுகிவிட்டது என்று நினைத்துத் திரும்பியதும் மூச்சை விடும், வார் தொளதொளத்துப் போகும். அதனால் ஒரு சுற்று நடக்கவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். இந்த மறுகட்டு அங்கே குழந்தைக்கும் தெரியும். மிளகை ஓட்டப்போன ஒருநாள் மகள் அதை மறந்துவிட்டாள். ஏன் மறந்தாள் என்று கேட்டால் என்ன சொல்வது? மனிதர்கள் மறப்பார்கள், அவ்வளவுதான். பாதி ஓட்டத்தில் சேணம் பக்கவாட்டில் சரிந்தது. மகள் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. சேணமோ மிளகின் வயிற்றுக்கடியில் தொங்கி, ஒவ்வொரு அடிக்கும் கால்களில் மோதியது. வேலிக்கம்பியில் போய் முட்டும்வரை அந்தக் குதிரை கத்திக்கொண்டே ஓடியது.

மகள் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். "குதிரை கீழே தள்ளினது போதாதுன்னு குழியும் பறிச்சுதாம்" என்று ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி அப்பா ஒருமுறை சொன்னதற்கு, "மிளகைச் சொல்லாதப்பா, தப்பு என்னோடது" என்றாள் மகள். அம்மா எழுந்துபோய்க் கஞ்சி ஆற்றினாள். மகளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்று அக்கம்பக்கமே அவளை மெச்சியது.

மிளகை மறுபடி தேற்றும் வேலை அவளிடமே வந்தது. அடியிலிருந்து தொடங்கினாள். முதலில் வெறும் விரிப்பை முதுகில் போட்டு நடத்தினாள். பிறகு சேணம், பிறகு சேணத்தின்மேல் மணல்மூட்டை. அப்புறம் அவளே குறுக்கே வயிறு படக் கவிழ்ந்து, மூட்டை மாதிரியே கிடந்தாள். எல்லாவற்றையும் மிளகு பொறுத்துக்கொண்டது. அவள் காலைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து முதல் அடி எடுத்து வைக்கச் சொன்னதும்தான் சனியன் பிடிக்கும். முதுகை வில்லாக வளைத்து, காதுகளைப் பின்னுக்கு ஒட்டி, கண்மண் தெரியாமல் பாயும். அவள் விழாமல் இறங்குவாள், கழுத்தைத் தடவுவாள், மறுபடி விரிப்பிலிருந்து தொடங்குவாள். நாளாக ஆக அது மோசமானதே தவிர தேறவில்லை.

"சூடு கண்ட பூனைக்கா. மறக்காது" என்றார் கூடத்து முதலாளி. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கொட்டடிகள் குறைவு, குதிரைகள் அதிகம். "மழை விட்டதும் வியாபாரி லாரி வருது. அதுக்குள்ள ஆள் ஏத்திக்கிட்டா இருக்கட்டும். இல்லன்னா அனுப்பிட வேண்டியதுதான்."

மிரண்ட குதிரை வியாபாரியிடம் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கை மாறும், ஒவ்வொரு கையிலும் அடி வாங்கும், கடைசியில் அதை யாரும் தேட மாட்டார்கள். தெரிந்தும், ஒரு மாலை வீட்டுக்குப் போகும் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபோது, "போகட்டுமே" என்று அவள் மனம் சொன்னது. மிளகு தேறினால் முதலில் அதன்மேல் ஏறப்போவது யார் என்று அவளுக்குத் தெரியாதா? இன்னும் கொஞ்ச நாளில் ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் கட்டிலில் உட்கார்ந்தபடியே சவாரிக் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தாள். இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அப்படி ஆகிப்போனாள். தான் நினைத்ததை எண்ணி அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மகள் கைத்தடி ஊன்றி லாயத்துக்கு வந்த அன்று நிதானக்கா மிளகுக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தாள். வாரை இழுத்தாள். மிளகு தலையைத் திருப்பித் தன் விலாவைப் பார்த்தது. இன்னும் இழுத்தாள். மகள் கிட்டே வந்து, வாருக்கும் வயிற்றுக்கும் நடுவே விரலைக் கொடுத்துப் பார்த்தாள்.

"அம்மா, விரல் நுழையல."

"இருக்கட்டும்."

"இவ்வளவு இறுக்கினா எப்படிம்மா அது மூச்சு விடும்?"

"தளர்வா விட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

அவ்வளவு மாதங்களாக வாயில் வராமல் பூட்டி வைத்த பேச்சு, ஒரே வரியில் வெளியே வந்து விழுந்தது.

"தெரியும்மா. எனக்குத்தான் தெரியும்" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. குனிந்து வாரின் நுனியைப் பார்த்தாள். "இந்த ஓட்டை புதுசா இருக்கே. யாரு குத்தினா?"

வாரில் வரிசையாக இருந்த ஓட்டைகளுக்கும் மேலே ஒன்று, ஓரம் பிசிறடித்து இருந்தது. குத்தியது நிதானக்காதான். விபத்து நடந்த வாரத்தில், இருந்த ஓட்டைகள் போதாது என்று ஆணியை வைத்து அடித்திருந்தாள். அடித்ததையே மறந்துவிட்டாள். தினமும் அவள் கை தானாக அந்த ஓட்டைக்குப் போனது.

இருவரும் வாரை அவிழ்த்தார்கள். முன்னங்காலுக்குப் பின்னால் முடி தேய்ந்து, தோல் சிவந்து கன்றியிருந்தது. அதை அவள் தினம் பார்த்திருக்கிறாள். விபத்தில் பட்ட பழைய காயம் ஆறவில்லை என்று மஞ்சள் மருந்து தடவி, அதன்மேலேயே வாரையும் இறுக்கியிருக்கிறாள். மணல்மூட்டை கிடந்தவரை வலி பொறுக்கும்படி இருந்தது. ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து, அடி எடுத்து வைத்து, தோள் அசைந்ததும் வார் அந்தப் புண்ணைக் கவ்வியது. பழைய பயத்தை அது தினந்தோறும் புதுப்பித்தது. மிளகு மறக்கவில்லை என்று ஊரெல்லாம் சொன்னார்களே, அதை மறக்கவிடாதவர் யார்?

நிதானக்கா கொட்டடி ஓரம் சரிந்து உட்கார்ந்து அழுதாள். மகள் பக்கத்தில் உட்கார முடியாமல், கால் மடங்காமல், நின்றபடியே அம்மாவின் தலையில் கை வைத்தாள்.

புண் ஆறும்வரை சேணம் காட்டவில்லை. ஆறியபின் நிதானக்கா வாருக்குக் கம்பளி உறை போட்டு, இரண்டு விரல் நுழையும்படி கட்டி ஏறினாள். மிளகு நடுங்கியது. முதுகு வளையவில்லை. ஒரு அடி வைத்தது, இன்னொரு அடி வைத்தது. சில நாட்களில் சுற்று முழுவதும் நடந்தது. ஆனாலும் அவள் மேலே இருந்தால் அதன் கழுத்து இறுகியே இருந்தது.

முதலாளி பார்த்துவிட்டு, "உங்களைச் சுமந்தா போதாதுக்கா. வேற ஆளும் ஏறணும்" என்றார். கூடத்தில் ஒவ்வொருவருக்கும் அன்று ஒவ்வொரு அவசர வேலை வந்துவிட்டது. ஒருவருக்கு இடுப்புப் பிடிப்பு, ஒருவருக்கு மாமியார் வருகை.

"நான் ஏறறேன்" என்றாள் மகள்.

வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், மிளகு லாரி ஏறிவிடும். நிதானக்காவின் நாக்கு நுனிவரை வந்தது அந்தச் சொல். அதை விழுங்கிவிட்டு, மகளின் முழங்காலைத் தாங்கி மேலே ஏற்றிவிட்டாள். அதற்கு முன்பு மகள் மிளகை ஒரு சுற்று நடத்தி, தன் கையாலேயே மறுகட்டு கட்டியிருந்தாள்.

மிளகு கொஞ்சம் நடந்து நின்றுவிட்டது. தலையைத் தூக்கி வேலியோரம் பார்த்தது. அங்கே நிதானக்கா கம்பியை இறுகப் பற்றி, மூச்சை அடக்கி நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, நீ அங்க நிக்காத" என்றாள் மகள் மெதுவாக. "நீ பயப்படறத அது பாக்குது."

"நான் எங்கடி போவேன்?"

"தீவன அறைக்குப் போ. ஜன்னல் வழியா பாத்துக்கோ."

போனாள். தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தாள். ஜன்னல் தலைக்கு மேலே இருந்தது. எழுந்தால் பார்த்திருக்கலாம். எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே சத்தமே இல்லை. குதிரை நிற்கிறதா, பாயப்போகிறதா, மகள் தரையில் கிடக்கிறாளா? எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடினால் எல்லாம் கெட்டுவிடும் என்றும் தெரிந்தது. மூட்டையின் சாக்கைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

அப்போது மிளகு மூக்கு வழியாக நீளமாக மூச்சு விட்டது. அடி வைத்தது. நடந்தது. மண்ணில் குளம்புச் சத்தம் நடைக்கு நாலுநாலாக விழுந்து, பிறகு ஓட்டத்துக்கு இரண்டிரண்டாக மாறியது. ஓட விட்டுவிட்டாள்! இடது மூலை திரும்பும்போது ஓட்டம் தடுமாறியது. அடுத்த சுற்றில் அதே மூலையில் ஓட்டம் சீராக வந்தது.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, கதவு திறந்தது. மகள் வியர்த்த முகத்தோடு சிரித்தபடி நின்றாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு? உண்மையைச் சொல்லு."

நிதானக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இடது மூலையில முதல் தடவை அவசரப்பட்டுட்ட" என்றாள். "மத்ததெல்லாம் நல்லா இருந்துச்சு."