நகத்தளவு பெலாச்சான்

என் மனைவியின் பர்சில் ஓர் அட்டை இருந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. இறால், பெலாச்சான், இறால் கொதித்த சட்டியில் சமைத்தது எதுவும் ஆகாது என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் அவளே எழுதியிருந்தாள். ஆபத்தென்றால் யாருக்குத் தகவல் தருவது என்ற கடைசி வரியில் என் பெயர். ரவாங் ஊர் மருத்துவர் ஒருவர் சொல்லி எழுதியது அது. கொடுத்த மாத்திரை அரிப்பைத்தான் அடக்கும், தொண்டை இறுகினால் அதை நம்பி உட்காராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள் என்று அவர் எங்கள் இருவரிடமும் சொன்னார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நேரமாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த காலம். எதையும் எழுதிக்கொள்ளும் பழக்கம் இருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில் அசாம் ஜாவா என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நாங்கள் மூன்று பேர்: நான், மனைவி, என் அக்கா. அக்கா கணவனை இழந்தவர். பெற்றோர் போன பிறகு ரப்பர் பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தவர். மனைவி உலு யாம் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவரின் மகள், யாழ்ப்பாணக் குடும்பம். லயத்தில் பிறந்தவனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளுடைய அப்பா அவளோடு பேசவில்லை. திரும்பிப் போக அவளுக்கு வீடு இல்லை.

கடல் பக்கத்து ஊர். பகல் பதினொரு மணிக்கு எல்லா வீட்டிலும் பெலாச்சான் சுடும் வாசம் வரும். பொடி இறாலை உப்பிட்டு இடித்துக் காயவைத்த கட்டி அது. லயத்தில் அதைக் கறியென்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை, உப்பு புளி மாதிரி. வீட்டுக்கு வீடு குழம்புக் கிண்ணம் போகும், வரும். என் மனைவி கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, மூடி வைத்துவிடுவாள். அது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. ஒருநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி அக்காவிடம் கேட்டாள்: "நாங்க தின்னுட்டுச் செத்தா போயிட்டோம்? ஒங்க வீட்டு மவராணிக்கு மட்டும் என்னக்கா?"

அக்கா இரண்டு வருடம் பொறுத்தார். பெலாச்சானைப் பின்கட்டில் தனி அடுப்பில் சுட்டார். மனைவியின் சட்டி தனி, அகப்பை தனி. அடையாளத்துக்கு அகப்பைக் காம்பில் சிவப்பு நூல் கட்டியதே அக்காதான். ஆனால் ஒருமுறை மூவரும் கோலசிலாங்கூர் போனோம். அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில் மனைவி மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டாள். கடைக்காரரிடம் சட்டியைக் கழுவித் தனியாகப் பிரட்டச் சொல்லியிருந்தேன். அக்கா அதைப் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்தார். இறால் பிரட்டும் சட்டியில் செய்தது அவளுக்கு ஆகும், லயத்துக் கைதான் ஆகாது என்று அவர் மனதில் விழுந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது அக்கா அருகில் வந்து சொன்னார்: "தம்பி, நாளைக்குப் புளிக்கொழம்புல நகத்தளவு போடப் போறேன். தெரியாமத் தின்னா ஒண்ணும் ஆவாது, பாரேன். எல்லாம் மனசுலா."

நான் சிரித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்ததாகப் பின்னாளில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது சரியான தகவல் அல்ல. லயத்துப் பேச்சு என் காதிலும் விழுந்துகொண்டிருந்தது. எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஞாயிறு பன்னிரண்டு நாற்பதுக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, மனைவியின் சட்டியில், சிவப்பு நூல் கட்டிய அகப்பையோடு. அதனால் அவள் தயங்கவில்லை. நல்லா இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லி இன்னொரு முறை ஊற்றிக்கொண்டாள். பன்னிரண்டு ஐம்பதுக்கு உதடு தடித்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்தது. அவளே எழுந்து மாத்திரையைத் தேடினாள், விழுங்க முடியவில்லை. குரல் மாறிப்போயிருந்தது. அக்கா கையில் சோற்றோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டை நகர்த்திவிட்டு, தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டுக்கு ஓடினார், செருப்புப் போடாமல்.

மண்டோரின் வேன் கிளம்பும்போது ஒன்று பத்து. செம்மண் பாதையில் வேகமாகப் போக முடியாது. அவள் தலை என் மடியில் இருந்தது. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. பாதி வழியில் மூச்சு, காற்றுப் போகும் டயர் போலச் சத்தமிட்டது. பிறகு சத்தமும் குறைந்தது. அதுதான் மோசம் என்று எனக்குத் தெரியும், எழுதி வைத்திருந்தேன்.

மருத்துவமனையில் ஊசி போட்டார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள். பிழைத்தாள். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டபோது, பெலாச்சான் என்று உடனே சொன்னேன். எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நான் மாற்றுத் துணி எடுக்கத் தோட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் அக்கா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம். செவ்வாய் காலை அவளுக்குக் குரல் திரும்பியது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"உங்களுக்கு முன்னமே தெரியுமோ?"

"தெரியாது," என்றேன்.

என் அக்காவை அவள் மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள்.

"மச்சாள் நேற்றே சொல்லிப்போட்டா," என்றாள். "உங்களிட்டச் சொல்லிப்போட்டுத்தான் செய்தவவாம்."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. அக்கா அவள் காலைப் பிடித்து அழுதார். அவரைத் தூக்கி நிறுத்தினாள். மறு மாதம் அக்கா வேறு தோட்டத்தில் வேலை தேடிப் போனபோது பையை அடுக்கிக் கொடுத்ததும் அவள்தான். அக்கா செய்ததற்கு அறியாமை என்ற பெயர் இருந்தது. என்னுடையதற்கு அது பொருந்தவில்லை.

நான் போட்டுக் கொடுக்கும் தேநீரை அவள் வாங்கி மேசையில் வைப்பாள். ஆறிய பிறகு தொட்டியில் ஊற்றிக் குவளையைக் கழுவி வைப்பாள். இறால் படாத தேநீர்தான். அது இருவருக்கும் தெரியும்.

பழைய அட்டை வேனில் எங்கோ தொலைந்திருந்தது. அவள் புதிதாக ஒன்று எழுதினாள், அதே மூன்று மொழிகளில், அதே சின்ன எழுத்தில். பர்ஸ் திறந்து கிடந்த ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். யாருக்குத் தகவல் தருவது என்ற வரி இருந்தது. அதற்கு எதிரே அவள் எதுவும் எழுதவில்லை.